திரையில் ஓவியம் பார்த்தால் மனம் ஏன் லேசாகிறது?

கைபேசியில் ஓவியம் பார்த்தாலே பதற்றம் தணியுமா? தணியும் என்கிறது வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்ற 84 பேரில் ஒரு பகுதியினர் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களையும், மற்றவர்கள் ஜப்பானிய உணவுக்கலைக் காட்சியையும் இணையத்தில் பார்த்தார்கள். சில நிமிடங்களிலேயே இரு தரப்பிலும் பதற்றம் குறைந்தது. ஆக, ஓவியரின் புகழ் மட்டுமே காரணமல்ல. பார்த்ததில் அழகும் அர்த்தமும் கண்டவர்களுக்கே பலன் அதிகம்.

‘சும்மா ஓய்வெடுத்தாலும் இதே பலன் வருமே?’ நியாயமான கேள்விதான். கலையே பார்க்காத குழுவோடு ஒப்பிடாதவரை அதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓய்வு மட்டுமே காரணமென்றால், ரசித்தவருக்குக் கூடுதல் பலன் ஏன்? திரையில் மோனேயின் குளத்தைப் பெரிதாக்கினால் அல்லி வெறும் தூரிகைத் தீற்றலாகிறது. சுருக்கினால் மறுபடி பூவாகிறது. இப்படிக் கண் ஓவியத்தில் நிலைக்கும்போது கவலையை அசைபோட மனத்துக்கு இடம் குறைகிறது என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே படங்களைத் தள்ளிக்கொண்டே போகாமல், பிடித்த ஒன்றில் நின்று பார்ப்பதே நல்லது.