குடும்பிமலை மேலே வந்ததா?

தேத்தண்ணி ஆறுவதற்குள் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒருமுறை போய்வருவோம். கிரானைத் தாண்டி மேற்கே போகப் போக வயலும் பற்றைக்காடும் தட்டையாகவே கிடக்கும். அதற்குள் தன்னந்தனியாக நிற்கிறது குடும்பிமலை. கடல் மட்டத்திலிருந்து 534 மீற்றர். 2007 ஜூலையில் அரச படை இதைக் கைப்பற்றும் வரை போர்ச் செய்திகளில்தான் இந்தப் பெயர் அதிகம் அடிபட்டது. அயலில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை பின்னரும் ஓயவில்லை. ஆனாலும் பாறையின் உச்சிக்குப் போய்விட்டால் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

அங்கே உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும்: இந்த வெளிக்குள் ஒரு மலை எப்படி எழும்பியது? எரிமலையாக இருக்கும் என்பார் ஒருவர். மகா ஓயா வெந்நீர் ஊற்றைச் சாட்சிக்கும் இழுப்பார். அந்த ஊற்றுக்கு எரிமலை தேவையில்லை. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். சீகிரியாவையும் எரிமலையின் மிச்சம் என்று தவறாக எழுதிய சுற்றுலாப் புத்தகங்கள் உண்டு. நாம் பிழை விடுவது 'எழும்பியது' என்பதில்தான். மலை எழும்பவில்லை, சுற்றியிருந்த நிலம் தாழ்ந்துபோனது.

மழைக்குப் பிறகு தாழ்வாரத்தின் கீழே பாருங்கள். கூரைத் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் மண் கரைந்திருக்கும். ஒரு சிறு கல் கிடந்த இடத்தில் மட்டும் மண் குத்தியாக நிற்கும். அந்தக் கல்லை யாரும் தூக்கி வைக்கவில்லை.

குடும்பிமலையைச் சுற்றிக் கரைந்தது மண் மட்டுமல்ல, பாறையும்தான். கிழக்கிலங்கையின் அடியில் வரிவரியான பழைய கருங்கல் இருக்கிறது. புவியியலாளர் நைஸ் என்பார்கள். வயது ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு. அதில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம், ஈரத்தில் ஊறினால் மெல்ல மெல்லக் களிமண்ணாகிவிடும். வெடிப்பு அதிகமுள்ள பாறைக்குள் தண்ணீர் புகுந்து, நிலத்தடியிலேயே அதை உக்க வைத்தது. வெடிப்புக் குறைந்த பாறை தப்பியது. உக்கியதை மாரி மழை அரித்துக்கொண்டு போனது. முந்தனையாறு போன்ற ஆறுகள் இன்றும் அப்படித்தான் மண்ணை வாவிப் பக்கம் இறக்குகின்றன.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். பாறை ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு அதிர்ஷ்டம். மழை விழுந்ததும் வழிந்து ஓடிவிடும், வெயிலில் காய்ந்துவிடும், உக்குவதற்கு ஈரம் தங்காது. வழிந்த தண்ணீரெல்லாம் அடிவாரத்தில் தேங்கி, அங்குள்ள கல்லைத்தான் தின்னும். அதனால் உச்சி தேய்வதைவிட அடிவாரம் வேகமாகத் தாழ்கிறது. பக்கங்கள் செங்குத்தாக நிற்பதும் இதனால்தான்.

ஆனாலும் மலை தேயாமல் இல்லை. அடுத்தமுறை தாந்தாமலைக்குப் போனாலும் சரி, குசலானமலைக்குப் போனாலும் சரி, பாறையில் மரம் வேர் விட்ட வெடிப்புகளைத் தேடிப் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான். அடுத்து உடையப்போகும் துண்டும் அங்கேதான்.