மலையடிவாரத்தில் ஓர் அறிவியல் பாடம்

நடுநிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் மாலை வேளைகளில் அறிவியல் புத்தகத்தை விரித்து, 'வாழிடம்', 'தகவமைப்பு', 'பரிணாமம்' என்று உரக்கப் படிப்பதை நாம் கேட்கிறோம். தேர்வு முடிந்ததும் அச்சொற்களில் பல மறந்து போகின்றன. பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் நெட்டுருச் செய்வதே இதற்குக் காரணம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குடும்பங்களுக்கு இக்குறை நேர வேண்டுவதில்லை. அச்சொற்கள் குறிக்கும் பொருள்கள் நமது மேற்கு மலையிலும், நம் ஊர்த் தெருவிலுமே உள்ளன.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இவ்வணிலைக் காப்பதற்கென 1988-இல் இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

அணில் கூடு கட்டிக் குட்டி ஈனும் மரச்செறிவே அதன் வாழிடம். சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் புளியும் மாவும் உற்பத்தியாளர்கள். அவற்றின் காய்கனிகளைத் தின்னும் அணில் முதல்நிலை நுகர்வோர். அணிலை இரையாக்கும் கழுகு அதற்கடுத்த நிலை. மடிந்தவற்றை மக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிதைப்பவை. இவை யாவும் மண், நீர், காற்று, ஒளி ஆகியவற்றோடு இணைந்த முழுமையே சூழ்நிலை மண்டலம். இவ்வணில் பெரும்பாலும் தரையில் இறங்காமல் கிளைவிட்டுக் கிளை தாவியே செல்லும். ஆதலால், இடையே நிற்கும் சில மரங்களை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துவிடும். இதை உணரும் பிள்ளைக்குச் 'சூழலியல்' என்பது வெறும் பாடத்தலைப்பாக இராது. மேனாட்டு மொழிகளில் இத்துறைக்கு வழங்கும் பெயரை 1866-இல் ஆக்கியவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். 'இல்லம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் வேர் என்பது எத்துணைப் பொருத்தம்!

இனி, பரிணாமம். இதற்கு இராஜபாளையம் நாயே நல்ல ஆசான். 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற இந்த வெண்ணிற வேட்டை நாய் தானாக உருவான இனமன்று. தமக்குப் பிடித்த பண்புகள் உள்ள நாய்களையே மனிதர் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதால் உருவாயிற்று. இது செயற்கைத் தேர்வு. தூய வெண்மையை நாடியதால், செவிப்புலன் இல்லாத குட்டிகளும் இவ்வினத்தில் பிறப்பதுண்டு. ஒரு பண்போடு மற்றொன்றும் தொடர்ந்து வருகிறது.

மனிதர் செய்யும் இத்தேர்வை வாழ்க்கைச் சூழலே செய்தால் அது இயற்கைத் தேர்வு. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலையும் வீட்டு விலங்குகளிலிருந்தே தொடங்கினார். பிள்ளைகள் பலர் இங்குத்தான் தவறுகின்றனர். 'மரத்தில் தாவ விரும்பி அணில் தன் உடலை மாற்றிக்கொண்டது' என எழுதுவர். அது சரியன்று. பிறக்கும்போதே குட்டிகளிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்துச் சந்ததி பெருக்கும். அப்பண்பு பல தலைமுறைகளில் இனம் முழுவதும் பரவும். அப்பண்பே தகவமைப்பு. மாறுவது தனி உயிரன்று, இனமே.

'பரிணாமம் நம் விசுவாசத்துக்கு முரணாகாதா?' எனச் சில பெற்றோர் தயங்குவர். மனித உடலின் தோற்றம் பற்றி இவ்வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் பாப்பிறை 12-ஆம் பத்திநாதர் 1950-இல் தெளிவுபடுத்தினார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்பதைப் பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996-இல் ஏற்றுரைத்தார். ஆகவே, பிள்ளையின் கேள்வியை அதட்டி அடக்க வேண்டுவதில்லை.

பெற்றோர் அறிவியல் கற்றவராய் இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. பிள்ளை ஒரு சொல்லை ஒப்பித்ததும், "இதை நம் ஊரில் எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டாலே போதும். மலைக்குச் செல்ல இயலாதோர்க்கு முற்றத்து வேம்பு உண்டு. அதன் இலையைத் தின்னும் புழு எது, புழுவைக் கொத்தும் பறவை எது, உதிர்ந்த சருகு என்னவாகிறது என்று தேடிச் சொல்லட்டும். அவ்வாறு கற்ற சொல் தேர்வுக்குப் பின்னும் நிலைத்திருக்கும்.