வாசல் வளையம்: தோட்டத்துக் கழிவே போதும்



பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் செல்போனில் படம் அனுப்பி, "நம்ம வீட்டுக் கதவிலும் இப்படி ஒரு பூ வளையம் மாட்டுங்களேன்" என்று கேட்கிறார்கள். 'மலர் வளையம்' என்றாலே நமக்கு இறந்தவர் வீடுதான் நினைவுக்கு வரும். ஆகவே இதை 'வாசல் வளையம்' என்போம். இது வீட்டுக்கு அழகு, அவ்வளவுதான். கண் திருஷ்டிக்காக மாட்டுவதல்ல என்பதில் நிய்யத் தெளிவாக இருக்கட்டும்.

ஒரு தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நிக்காஹ் அலங்காரத்துக்காகச் சோலைக்காட்டு ஓரத்திலிருந்து ஒரு சாக்கு நிறைய மரப்பாசியும் பெரணியும் கொண்டு வந்தேன். அதைப் பார்த்த அம்மா, "மரத்தோட போர்வையை உருவிட்டு வந்திருக்கியேப்பா" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பாசிதான் மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; சோலையும் புல்வெளியும் தேக்கும் நீர்தான் நம் ஓடைகளுக்கு வருகிறது. மேலும், பழனிமலைக் காடுகளின் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து பாசி, பெரணி, ஆர்க்கிட், குறிஞ்சி எதைப் பறித்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் எதில் செய்வது? நம் தோட்டத்தில் கழித்துப் போடுவதே போதும்.

வளையம்: தாட்பூட் பழக்கொடியைக் கவாத்து செய்யும்போது விழும் கொடிகளைப் பச்சையாக இருக்கும்போதே எடுங்கள். இலையை உருவிவிட்டு, ஒரு முழ அகலத்தில் வட்டமாக வளைத்து, நான்கைந்து சுற்று பின்னுங்கள். ஊற வைத்த வாழைநாரால் நான்கு இடத்தில் கட்டி, ஒரு வாரம் நிழலில் காய விடுங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இருப்பவர்களுக்குக் காப்பித் தோட்ட வேலியில் மண்டும் உண்ணிச்செடியின் இளங்குச்சி உதவும். அதன் இலையையும் காயையும் முழுவதும் நீக்கிவிடுங்கள். ஆடுமாடு தின்றால் விஷம்.

பூவும் இலையும்: ஹைட்ரேஞ்சியாவைப் புதிதாகப் பூத்ததும் பறித்தால் சுருங்கிவிடும். செடியிலேயே முற்றி, தொட்டால் காகிதம் போல் ஆனபின் காம்போடு வெட்டுங்கள். காம்பை மேலாக, பூவைக் கீழாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். யூகலிப்டஸ் தழை காய்ந்தாலும் மணம் போகாது. வீட்டு வளாகத்தில் உதிர்ந்த பைன் காய்களும் சேரும்.

கட்டுவது: மூன்று நான்கு காம்புகளைச் சிறு கொத்தாக நாரால் கட்டுங்கள். ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தலை மறைக்கும்படி ஒரே திசையில் வைத்துக்கொண்டே வாருங்கள். வளையம் முழுவதும் நிரப்ப வேண்டியதில்லை. பாதி கொடியாகவே தெரிந்தாலும் அழகுதான். பூக்கடைகளில் விற்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி வேண்டாம். அது ஒரு வகை பிளாஸ்டிக். பொடியாகுமே தவிர மக்காது.

தை முதல் பங்குனி வரை காற்று வறண்டிருப்பதால் பூ காயவைக்க ஏற்ற காலம். செய்ததைத் திறந்த வாசலில் மாட்டாமல் தாழ்வாரத்துக்குள் மாட்டுங்கள்; மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பொருள் என்பதால் அடுப்பு, விளக்குப் பக்கம் வைக்காதீர்கள். ஹைட்ரேஞ்சியாவை வாயில் போட்டால் கேடு. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அழகு போனபின் அப்படியே எருக்குழியில் போட்டுவிடலாம். பிளாஸ்டிக் பூ அப்படியா? நிறம் வெளுத்தபின் அது போகுமிடம் குப்பைமேடு. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கத்தில் இருக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

இதில் சிறு வருமானத்துக்கும் வழியுண்டு. கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சிகளால் முழு உருவ யானைகளைச் செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. யாருக்கும் வேண்டாத செடி அவர்களுக்குக் கூலியாயிற்று. மே மாதம் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தை நாம் அறிவோம். வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்பும் நம் சகோதரிகள் இப்போதே பூக்களைக் காயவைக்கத் தொடங்கினால் அதற்குள் விற்பனைக்குத் தயாராகிவிடும்.

சேர்ந்து கற்றுக்கொள்ள விரும்பும் பெண்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், தையல் வகுப்பு அறையிலேயே ஒருநாள் பயிற்சி வைப்போம். கொடியும் பூவும் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும், காட்டிலிருந்து வேண்டாம்.

வஸ்ஸலாம்.
— செயலாளர்