எரிமலைப் பாறை நடுவே ஓட்டம்

ஹவாய்த் தீவின் கோனாவில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, கடைசியாக 42.2 கிலோமீட்டர் ஓட இறங்கினேன். இருபுறமும் கறுத்த எரிமலைப் பாறை. மேலே வெயில், கீழே அனல். ஈரக்காற்றில் வியர்வை காயவே இல்லை. அது ஆவியானால்தான் உடல் குளிரும். சொட்டி விழுந்தால் பயனில்லை. தண்ணீர்ப் பந்தல் வந்தபோதெல்லாம் தொப்பிக்குள் பனிக்கட்டி போட்டுக்கொண்டேன். உருகிய நீர் பிடரியில் வழிய, மூச்சு சீரானது.

வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் பயிற்சி வேண்டும். பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடி, பேச்சு குழறினால் உடனே அவரை நிறுத்துங்கள். மருத்துவ உதவிக்குக் குரல்கொடுத்து, பனிநீரால் அவர் உடலைக் குளிர்வியுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்.