மின்மினி பார்க்கப் போகும் வழியில் ஒரு நண்பர் வீடு

செந்தூலில் வயதானவர்களிடம் "உங்க ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். பலரது வாயில் முதலில் வருவது ஒரு தோட்டத்தின் பெயர். ரயில் பட்டறை வேலைக்காக இங்கே வேர் பிடித்த குடும்பமோ, பிறகு தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பமோ, யாராக இருந்தாலும் ஏதோ ஒரு லயத்தில் ஒரு சித்தப்பாவோ, கூடப் படித்தவரோ இருப்பார்.

அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். துக்கத்துக்கும் போகிறோம். காரணமே இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வரப் போவதுதான் குறைந்து வருகிறது. விடுமுறை என்றால் கேமரன் மலை, பினாங்கு, முடிந்தால் பேங்காக். கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பம் வேறு ஒரு திட்டம் போட்டது. கோல சிலாங்கூரில் மின்மினி பார்ப்பது, போகிற வழியில் பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கும் நண்பர் வீட்டில் பகல் முழுக்கத் தங்குவது.

லாதார் நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பழைய வழியைப் பிடித்தோம். ஜாலான் ஈப்போ, செலாயாங், ரவாங், அங்கிருந்து பத்து ஆராங். நிதானமாக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம்.

பத்து ஆராங்கில் வண்டியை நிறுத்திப் பசியாறினோம். இன்று அமைதியாகத் தூங்கும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் மலாயாவின் நிலக்கரிச் சுரங்க நகரம். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. இங்கே வெட்டிய கரியைத்தான் அன்றைய ரயில்கள் தின்று ஓடின. அந்த ரயில் இஞ்சின்களைப் பழுதுபார்த்த பெரிய பட்டறை நம் செந்தூலில் இருந்தது. "அப்போ இந்த ஊரும் நம்ம ஊரும் சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள் என் சின்ன மகள். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

பத்து ஆராங்கைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஊர், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. இந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழாக ஒலிக்கும் இந்தத் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், சரியாக வராத காப்பிச் செடிகளுக்குப் பதிலாகச் செம்பனையை நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. அவர் பிறகு மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார்.

காப்பி போய்ச் செம்பனை வந்த மாதிரி, பின்னாளில் பால்மரமும் போய்ச் செம்பனை வந்தது. பால்மரம் வெட்டக் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் என்று வீடே விடியலில் இறங்கியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட கைகளும் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பிரட்டுக் களமும் ஆயக்கொட்டகையும் ஓய்ந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பரும் நானும் கோலாலம்பூரில் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். பத்து வருடங்களுக்கு முன் திடீரென்று வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார். அம்மாவுக்கு முடியவில்லை என்று மட்டும் அப்போது சொன்னார். முழுக் கதை இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

"வாய்யா, பசியாறியாச்சா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார் அவருடைய அம்மா. எழுபத்தாறு வயது. முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கோழிக்கறி, முருங்கைக்கீரை, ரசம், அப்பளம். என் மனைவி உதவிக்குப் போனபோது, "நீ உட்காரு தாயி, இங்க ஆளு வர்றதே பெருநாள் மாதிரி" என்றார். பிள்ளைகள் கைப்பேசியை மறந்து கோழிக்குஞ்சுகளின் பின்னால் ஓடினார்கள்.

சாப்பிட்ட பிறகு வேப்பமரத்தடியில் நண்பர் பேசினார். "அப்பா இறந்ததும் வீட்டை ஒப்படைக்கச் சொன்னாங்கண்ணே. இங்க வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் வீடு. ரவாங்ல ஒரு ஃப்ளாட் பார்த்தேன், நாலாவது மாடி. அம்மாவால ஏற முடியாது. அதான் நானே இங்க லோரி ஓட்ட வந்துட்டேன். வீடு நின்னுச்சு."

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.

"எனக்கு வேலை இருக்கிற வரைக்கும். இந்த லயத்துல ஒரு காலத்துல முப்பது வீடும் நம்ம ஆளுங்க. இப்ப ஏழு."

இது அவர் ஒருவரின் கதை அல்ல. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்று அறுந்தால் மற்றதும் போகும். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, பாட்டாளிகளின் சேமிப்பைத் திரட்டி நாமே தோட்டம் வாங்குவோம் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தப் பயத்தால்தான். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலேயே மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த செய்தியை நாம் படித்திருக்கிறோம்.

மலாய் நண்பர்கள் பெருநாளுக்குக் கம்பத்துக்குத் திரும்பும்போது, அங்கே தாத்தாவின் பெயரில் ஒரு வீடு இருக்கும். பத்து வருடம் கழித்துப் போனாலும் பெரும்பாலும் அது இருக்கும். நம்மில் பலருக்குக் கம்பம் என்பது லயத்து வீடு. அது நம் பெயரில் இருந்ததே இல்லை. அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அடுத்த தீபாவளிக்கு அங்கே கதவைத் திறக்க ஆள் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாலையில் நண்பரும் எங்களோடு கம்போங் குவாந்தானுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றில் படகு மெதுவாகப் போக, கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னின. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. நண்பர்தான் மெல்லச் சொன்னார்: "சனி ஞாயிறுல கேஎல் காருங்க வரிசையா இந்தப் பக்கம் வருது. எங்க தோட்டத்து முச்சந்தியத் தாண்டித்தான் பல பேரு போறாங்க."

குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் இளைய குடும்பங்கள் அந்தப் பேச்சை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஏற்பாடு தேவையில்லை. இரண்டு நாளுக்கு முன் போன் செய்து சொல்லுங்கள், இல்லையென்றால் அவர்களுக்குச் சமைக்க முடியவில்லையே என்ற வருத்தம் வரும். கழிப்பறைக்கு நிறுத்துகிற மாதிரி அரை மணி நேரத்தில் கிளம்பாதீர்கள். என்ன வாங்கி வர வேண்டும் என்று கேளுங்கள். நண்பரின் அம்மா எங்களிடம் கேட்டது ஒரு தமிழ் நாள்காட்டி, கொஞ்சம் முறுக்கு, முட்டிக்குத் தடவத் தைலம். மூன்றுக்கும் ஐம்பது வெள்ளி ஆகவில்லை.

முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பிரட்டு என்றால் என்ன, மண்டோர் யார், விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். என் மூத்த மகன் கேட்டான். அந்த அம்மா மூன்று மணி நேரம் பேசினார். அவன் எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறான். அவர் மகனே கேட்டிராத கதைகள் அதில் இருக்கின்றன.

புறப்படும்போது முருங்கைக்கீரைக் கட்டும், மூன்றடுக்குத் தூக்கில் கோழிக்கறியும் கொடுத்தனுப்பினார். தூக்கைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அதில் என்ன செய்து நிரப்பலாம் என்று என் மனைவி யோசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.