கனடாவில் உறையும் குளம்... நாசரேத்தில் கொதிக்கும் தொட்டி! மீனுக்கு எங்கே மூச்சு முட்டும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் நாசரேத் வீடுகளில் இரண்டு விஷயங்கள் தொடங்கிவிடும். ஒன்று, வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார். இன்னொன்று, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பனி வீடியோக்கள். அதில் வீட்டுத் தோட்டத்துச் சின்னக் குளம் கண்ணாடிப் பலகைபோல உறைந்து கிடக்கும். "ஐயோ, உள்ளே கிடக்கிற மீனெல்லாம் என்ன ஆகும்?" என்பதுதான் இங்கிருந்து போகும் முதல் கேள்வி.

குளம் ஓரளவு ஆழமாக இருந்தால், குளிரால் மட்டும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஐஸ் எப்போதும் மேலிருந்துதான் பிடிக்கும். அடியில் 4 டிகிரியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மீன்கள் அங்கே அசையாமல் கிடக்கும். தவளைகளில் சில அடிச்சேற்றில் பதுங்கி, தோல் வழியாகவே மூச்சு விட்டபடி மாதக்கணக்கில் இருந்துவிடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகள் அடியில் அழுகி, வாயுக்களை வெளிவிடும். மேலே ஐஸ் மூடி போட்டதுபோல அடைத்துவிட்டால், கெட்ட காற்று வெளியே போகாது, நல்ல காற்று உள்ளே வராது. ஐஸ் மேல் பனியும் குவிந்துவிட்டால், வெளிச்சம் கிடைக்காமல் நீர்ச்செடிகள் பிராணவாயு தயாரிப்பதும் நின்றுபோகும். வசந்தத்தில் ஐஸ் உருகும்போது செத்து மிதக்கிற தவளைகள் பலவும் குளிரில் விறைத்துச் செத்தவை அல்ல, மூச்சு முட்டிச் செத்தவை.

எனவே அங்கே இருப்பவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, ஐஸில் ஒரு துளை விடுவது. சூடான தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்தால் மெதுவாக உருகி வழிவிடும். சுத்தியலால் உடைக்கக் கூடாது. அந்த அதிர்ச்சி அடியில் கிடக்கும் உயிர்களைத் தாக்கும். கொதிநீரை நேராக ஊற்றுவதும், உப்பு போடுவதும் வேண்டாம். மேலே குவிந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டால் வெளிச்சம் போகும். 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் மீனுக்கு இரையை நிறுத்திவிட வேண்டும். அப்போது அதன் வயிறு வேலை செய்வதே குறைவு. மிஞ்சும் இரை அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

தங்கமீன் மட்டும் இதில் ஒரு ஆச்சரியம். பிராணவாயு அறவே இல்லாதபோது, உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றி, செவுள் வழியாக வெளியேற்றிவிடும். இது எப்படி நடக்கிறது என்பதை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விளக்கினார்கள்.

பனி கிடையாது, பனைதான்!

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது நீலகிரிதான். உறைபனிக் காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைப்பார்கள். நாசரேத்தில் டிசம்பர் இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சொல்லப்போனால், தென்கோடிக் குளங்களுக்கு இதுதான் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பறவைகள் வந்து இறங்கும் நேரம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதும் ஜனவரி வாக்கில்தான்.

நம் ஊரில் குளத்துக்குக் கெட்ட காலம் என்றால் அது பங்குனி, சித்திரை, வைகாசி. ஆனால் நோய் ஒன்றேதான்: மூச்சு முட்டல். 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14.6 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம், அதாவது பாதி. அங்கே ஐஸ் அடைக்கிறது, இங்கே வெயிலே பிடுங்கிக்கொள்கிறது. அல்லித் தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசி என்று நினைத்துப் பொரியை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். இரவு முழுக்கச் செடிகளும் சேர்ந்து பிராணவாயுவை உறிஞ்சிவிட்டதால், மூச்சுக்குத் தவிக்கின்றன.

இந்த வெயிலுக்கு ஏற்றபடி மாறிக்கொண்ட மீன்களும் நம்மிடம் உண்டு. விரால் மேலே வந்து நேராகக் காற்றையே சுவாசிக்கும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். 1791-ல் தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப் இந்த மீனைக் குளக்கரைப் பனையில் ஏறும்போதே பிடித்ததாக எழுதிவைத்தார். மரம் ஏறியது உண்மையா என்பதில் இன்றுவரை சந்தேகம் உண்டு. தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை.

வீட்டுத் தொட்டியில் கிடக்கும் மற்ற மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. மதிய வெயில் விழும் பக்கத்தில் நாலு பனையோலையைச் சாய்த்துவையுங்கள். தண்ணீரில் பாதியளவாவது அல்லி இலை மூடியிருக்கட்டும். வற்றினால் ஒரேயடியாக நிரப்பாமல், சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்திலிருந்து ஊற்றுங்கள்; விழும் வேகத்தில் காற்றும் சேரும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. உள்ளே ஒரு சாய்வுக் கல்லும் வேண்டும். தாகத்துக்கு வந்து தவறி விழும் அணில் ஏறிப்போக அதுதான் வழி.

அப்போ டெங்கு?

நியாயமான பயம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது சரிதான். டயர், சிரட்டை, உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். மீன் உள்ள தொட்டி வேறு. கொசுப்புழு அங்கே பிழைப்பது கஷ்டம். தட்டாம்பூச்சியின் இளம்பருவமும் தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்னும். அதற்காக கம்பூசியா மீனை வாங்கிவந்து குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த மீன், கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் நம் சின்ன மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்தே தின்றுவிடும். பக்கத்துக் குளத்தில் கிடைக்கும் சிறு கெண்டைகளே வீட்டுக்குப் போதும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில்தான் முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே தொட்டியின் உள்சுவரை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் முன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். முதல் மழைக்கு மறுநாள், கறுப்புப் புள்ளிகளோடு ஜெல்லி மாதிரி ஏதாவது மிதந்தால் அது தவளை முட்டை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கத்தைத் தேய்க்கலாம்.