கடுகின் காரம் எங்கே இருக்கிறது?

ஜவ்வாது மலையில் சாமைதான் முதன்மைப் பயிர். மழையை நம்பிச் சரிவு நிலங்களில் அதை விதைக்கும் மலையாளிப் பழங்குடி உழவர்கள், ஊடே கடுகையும் விடுவதுண்டு. சாமை பொய்த்தாலும் கடுகு ஏதாவது கொடுக்கும். ஒரே பயிரை நம்பாத இந்த அறிவு பெரிது.

கடுகு, முட்டைக்கோஸுக்கும் முள்ளங்கிக்கும் உறவு. நான்கு இதழ்கள் சிலுவைபோல் விரிந்த மஞ்சள் பூவே அதற்குச் சாட்சி. நாம் தாளிக்கும் கடுகு இரண்டு செடிகள் இயற்கையாகக் கலந்து பிறந்தது: 8 ஜோடி குரோமோசோம் கொண்ட கருங்கடுகும், 10 ஜோடி கொண்ட டர்னிப் இனமும் சேர, இதற்கு 18 ஜோடி. இந்த உறவுமுறையை 1935-இல் விளக்கியவர் தாவரவியலாளர் நாகஹாரு யூ.

முழுக் கடுகை வாயில் போட்டால் உறைப்பதில்லை, மென்றால்தான் உறைக்கும். சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் விதைக்குள் தனித்தனியே இருக்கின்றன. விதை நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் அப்போதுதான் உருவாகிறது. கடிக்கவரும் பூச்சிக்குச் செடி வைத்த பொறி இது. ஆனால் கடுகு அசுவினி இதையும் வென்றுவிட்டது: செடியின் வேதிப்பொருளை உடலில் சேர்த்து, சொந்த நொதியோடு தன் எதிரிகளுக்கே காரம் காட்டுகிறது!

காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது சூடு நொதியை அழித்துவிடுகிறது. அதனால்தான் தாளிப்பில் மணம் உண்டு, காரம் இல்லை. ஆவக்காயில் வறுக்காத கடுகுப்பொடி சேர்ப்பதால் அந்த உறைப்பு நிற்கிறது. கிருமிகளையும் அது தடுக்கிறது.

விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தாலும், நம் செக்குகளில் எள்ளும் கடலையுமே ஆடுகின்றன. கடுகெண்ணெய் வட இந்தியர் சமையலுக்குரியது.

அறுவடையில்தான் கவனம் வேண்டும். நெற்று முழுக்கக் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும். அது மஞ்சளிக்கும்போதே, பனி ஈரம் உள்ள காலையில் அறுத்துக் களத்தில் காயவைத்து அடிக்க வேண்டும். அறுத்த கடுகில் பிரம்மதண்டு என்ற களையின் விதை கலந்திருக்கலாம்; அதுவும் கடுகுபோலவே கருமையாக இருக்கும். 1998-இல் டெல்லியில் அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் நீர்க்கோவை நோய் பரவி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் விதைக்கு எடுக்கும் கடுகை வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்துவிட வேண்டும். பிரம்மதண்டு விதையின் மேல்தோல் வலைபோல் குழிந்து சொரசொரப்பாக இருக்கும். கடுகு உருண்டு வழவழப்பாக இருக்கும்.